வயிறு முட்டத் தின்ற மாடு ஏன் மெலிகிறது?

ஆவணி பிறந்தால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "புள்ள, மாடு தின்னுதில்ல. பசிக்கு ஏதும் மருந்து இருக்கா?" மற்றப் பாதி, "தின்னுது புள்ள, வயிறு முட்டத்தான் தின்னுது. ஆனா விலா எலும்பு எண்ணலாம் போல கிடக்கு."

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் வேலை செய்கிறேன். அப்பா பட்டி வைத்திருந்தவர். வீட்டில் இப்பவும் அம்மாவும் நானும் சில மாடுகள் வளர்க்கிறோம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள் என்பதால் ஊரில் ஆடு, மாடு, கோழி எது சோர்ந்து நின்றாலும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மிருக வைத்தியரைத் தேடுவார்கள். இந்த இரண்டு கேள்வியையும் ஆட்கள் இரண்டு வருத்தமாக நினைக்கிறார்கள். கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்று வீசுகிற காலத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பால் அளக்கிற அவசரத்தில் அதை நின்று விளக்கவும் முடியாது, கேட்கவும் அவர்களுக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் ஒன்று. காய்ச்சல், கால்வாய் நோய், குடற்புழு, வாயில் புண் என்று ஏதும் இருந்தால் மாடு தின்னாது. அசைபோடாமல், மூக்கு காய்ந்து, காது தொங்கி நிற்கிற மாட்டுக்கு இந்தப் பதிவு உதவாது, வைத்தியரைக் கூப்பிடுங்கள். நான் சொல்ல வருவது நோயில்லாத மாட்டைப் பற்றி. வைக்கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, கொஞ்சம் தின்றுவிட்டு, இனி வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிற மாட்டைப் பற்றி.

அந்த மாட்டின் இடது பக்கம் போய் நில்லுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். அதில் கையைப் பொத்தி வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே இருப்பது முதல் இரைப்பை, றூமன் என்று நாங்கள் படித்தது. கொஞ்சம் பொறுத்தால் கையை உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது போல ஒரு எழும்பல் வரும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்று, சில வேளை இரண்டு. கோடையில் வைக்கோல் மட்டும் தின்கிற மாட்டில் அந்தக் குழி நிரம்பி இருக்கும், அழுத்தினால் பிசைந்த மாப் போல கை பதியும். அதாவது வயிற்றில் இடமில்லை. அதே மாட்டின் முதுகைத் தடவினால் தசை இல்லை. நிறைந்த வயிறும் பட்டினியும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

எப்படி? உள்ளே போன வைக்கோல் வெளியே போகவில்லை. மாடு வைக்கோலைத் தானே சமிக்கச் செய்வதில்லை. முதல் இரைப்பையில் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரைப் பிரித்துக் கொடுக்கின்றன. மாடு ஒரு பக்கம் அசைபோட்டு அரைக்கிறது, நுண்ணுயிர் மறுபக்கம் கரைக்கிறது. துணுக்கு சில மில்லிமீற்றர் அளவுக்குச் சிறுத்தால்தான் அடுத்த இரைப்பைக்குப் போகிற வாசலைத் தாண்டும். பச்சை இளம் புல் ஒரு நாளளவில் தாண்டிவிடும். முற்றிய வைக்கோல் இரண்டு மூன்று நாள் கிடக்கும். குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரலாம் என்பதைத் துருசு தீர்மானிக்கிற மாதிரி, வைக்கோல் தின்கிற மாடு நாளைக்கு எவ்வளவு தின்னலாம் என்பதைப் பின் வாசல்தான் தீர்மானிக்கிறது. இரைப்பைச் சுவரில் இழுவையை உணர்கிற நரம்புகள் இருக்கின்றன. சுவர் விரிந்தால் அவை மூளைக்குச் சொல்லும். மாடு வாயை எடுக்கும். பசி மருந்து கொடுத்து இந்த வாசலைத் திறக்க முடியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நம்முடைய நாட்டுப் பசு 250 கிலோ நிறை என்று வைப்போம். நல்ல தீனி கிடைத்தால் நாளைக்கு உடம்பு நிறையில் 2 முதல் 3 சதவீதம் உலர்ந்த தீனி தின்னும், அதாவது 5 முதல் 7.5 கிலோ வரை. வைக்கோல் மட்டுமென்றால் 5 கிலோவைத் தொடுவதே பாடு. அந்த வைக்கோலிலும் பாதிக்கு மேல் சமிக்காமல் சாணியாகப் போகும். நெல் வைக்கோலில் சிலிக்கா கூட, அதுவும் ஒரு இடைஞ்சல். மிஞ்சுகிற சத்தில் மாடு தன் உயிரைத் தக்க வைக்குமா, கன்றுக்கும் நமக்கும் பால் தருமா?

இனி நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். நுண்ணுயிருக்கும் சாப்பாடு வேண்டும். அதற்கு வேண்டியது நைதரசன், அதாவது புரதத்தில் இருப்பது. தீனியின் உலர் நிறையில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர் பெருகாது, நார் கரையாது, வைக்கோல் நகராது, மாடு தின்னும் அளவு விழும். வெப்ப நாட்டுப் புற்களை ஆராய்ந்தவர்கள் 1960களிலேயே அவுஸ்திரேலியாவில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நம்முடைய வைக்கோலில் புரதம் 3 முதல் 5 சதவீதம். தரவையில், அதாவது மேய்ச்சல் வெளியில், ஆவணி மாதம் காய்ந்து நிற்கிற புல்லும் அதற்குப் பக்கத்தில்தான். ஆகவே "வைக்கோல் போர் மலைபோல கிடக்கு, தின்னுதில்லையே" என்று மாட்டை ஏசுகிறதில் நியாயமில்லை. அது தின்ன முடியாமல் நிற்கிறது.

வேலியில் நிற்கிற கிளிரிசீடியாவை வெட்டுங்கள். கறிக்கு முருங்கை ஒடிக்கிற கையால் கொஞ்சம் கூட ஒடித்து மாட்டுக்கும் போடுங்கள். இப்பில் இப்பில் குழையும் நல்லது, ஆனால் அதை மட்டுமே அள்ளிப் போடக்கூடாது, அதில் மாட்டுக்கு ஒவ்வாத ஒரு பொருள் இருக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று கிலோ பச்சைக் குழை வைக்கோலோடு போனாலே வைக்கோல் தின்கிற அளவு கூடுவதைக் கண்ணால் காணலாம். குழை தின்றால் வைக்கோல் குறையும் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். புரதம் பற்றாத மாட்டில் நடப்பது நேர்மாறு. குழை உள்ளே போய் நுண்ணுயிரை எழுப்பிவிடுகிறது, வாசல் திறக்கிறது, மாடு வைக்கோல் போருக்குத் திரும்பி வருகிறது. கிளிரிசீடியாவை முதன்முதல் கண்ட மாடு மணத்துக்குத் தள்ளி நிற்கும். வெட்டி ஒரு பொழுது வாடவிட்டுப் போடுங்கள், பழகிவிடும்.

இரண்டாவது வழி யூரியா வைக்கோல். இலங்கையில் 1980களில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், நம்முடைய பாடப்புத்தகத்திலும் இருந்தது. ஆனால் ஊருக்குள் செய்கிற ஆட்கள் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, அதை ஏறத்தாழ 100 லீற்றர் தண்ணீரில் கரைத்து, வைக்கோலைக் குழிக்குள் அடுக்கு அடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். நம்முடைய வெக்கைக்கு இரண்டு மூன்று கிழமையில் திறக்கலாம். திறந்தால் கண்ணைக் கரிக்கிற அமோனியா மணம் அடிக்கும், வைக்கோல் கடும் மஞ்சளாகி மெத்தென்று இருக்கும். காற்றாட விட்டுவிட்டுப் போடுங்கள். புரதம் ஏறத்தாழ இரட்டிக்கும், நார் இளகும், சமிபாடும் கூடும், தின்னும் அளவும் கூடும். யூரியாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தால் மாடு செத்துப்போகும், அந்த விளையாட்டு வேண்டாம். யூரியாச் சாக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோல் கொடுக்காதீர்கள், அதன் இரைப்பை இன்னும் தேறவில்லை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தின காலத்தில் வயலுக்கே யூரியா இல்லை, மாட்டுக்கு எங்கே என்று விட்டுவிட்டார்கள். இப்போது கடையில் கிடைக்கிறது. நான்கு கிலோ யூரியாவின் விலையையும் ஒரு மூடை புண்ணாக்கின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தவிடு கொடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். காலையில் ஒரு பெரிய வாளி தவிட்டுக் கஞ்சி வைத்துவிட்டு, "இப்ப வைக்கோலத் தொடுதில்ல" என்றால் மாட்டில் பிழையில்லை. மாச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் இரைப்பையில் அமிலம் ஏறும். நார் கரைக்கிற நுண்ணுயிர் அந்தப் புளிப்பில் வேலை செய்யாது. வைக்கோல் உள்ளேயே கிடக்கும். தவிட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், வைக்கோல் கொஞ்சம் தின்ற பிறகு கொடுங்கள்.

இவ்வளவும் வயிற்றுக் கதை. எல்லா மாட்டுக்கும் எல்லாக் காலத்திலும் வயிறு மட்டும்தான் எல்லை என்று நினைக்கக்கூடாது. 1964இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கொன்ராட் என்பவரும் கூட்டாளிகளும் பால் மாடுகளில் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார்கள். தீனியின் சமிபாடு 67 சதவீதம் அளவுக்குக் கீழே இருக்கும்வரை வயிற்றின் கொள்ளளவும் தீனி வெளியேறுகிற வேகமும்தான் தின்னும் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. அதற்கு மேலே போனால் கதை மாறும். மாடு தனக்கு வேண்டிய சக்தி கிடைத்ததும் நிறுத்திவிடும், வயிற்றில் இடமிருந்தாலும். அந்த எண்ணை எல்லா மாட்டுக்கும் அப்படியே பொருத்த முடியாது, பால் கூடிய மாட்டில் அது மேலே போகும். ஆனால் அடிப்படை இன்றும் நிற்கிறது. நம்முடைய மாடுகள் ஆண்டில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வாழ்கின்றன. அதனால்தான் குளிர்நாட்டுப் பண்ணைக்கு எழுதிய தீனி ஆலோசனையை இங்கே அப்படியே கொண்டு வந்தால் சரிவராது.

கோட்டுக்கு மேலே யார் நிறுத்தச் சொல்வது? மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சிறு பகுதி. 1940இல் அதன் நடுப்பகுதியில் காயப்படுத்தின எலிகள் அளவில்லாமல் கொழுத்தன. 1951இல் பால் கிருஷ்ண ஆனந்த் என்ற இந்திய உடற்றொழிலியலாளர் அமெரிக்காவில் புரோபெக் என்பவருடன் சேர்ந்து பக்கப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்த எலிகள் தீனிக்கு முன்னாலேயே பட்டினி கிடந்தன. பல்கலைக்கழகத்தில் அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பசி என்பது வயிற்றில் பிறக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். இன்று அதை இன்னும் விரிவாகச் சொல்கிறார்கள். உடம்புக் கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஓமோன் போய் மூளைக்குச் சேமிப்பின் நிலையைச் சொல்கிறது, அதை 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். மாட்டில் மாச்சத்துத் தீனியிலிருந்து வருகிற புரோப்பியோனிக் அமிலம் ஈரலுக்குப் போய் எரிகிறபோது, ஈரலிலிருந்து நரம்பு வழியாக "போதும்" என்ற செய்தி எழுகிறது என்று மிச்சிகனில் மைக்கல் அலன் விளக்கினார். வயிறு, ஈரல், கொழுப்பு, மூளை எல்லாம் சேர்ந்து எடுக்கிற முடிவை நாம் தொட்டிக்கு வெளியே நின்று "திமிர் பிடிச்ச மாடு" என்கிறோம்.

இப்போது எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம். நேரம்.

மேய்கிற மாடு எவ்வளவு தின்னும் என்பது மூன்றின் பெருக்கம். ஒரு வாயில் எவ்வளவு புல் வருகிறது, நிமிடத்துக்கு எத்தனை வாய், ஒரு நாளில் எத்தனை மணி நேரம். நல்ல புல்லில் மாடு நிமிடத்துக்கு 40, 50 தடவை கடிக்கும். பின்னேரம், அறுத்த வயல் வட்டையில் மாட்டுக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நாக்கை வெளியே நீட்டி, புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டும். அந்த "கர்க்" என்ற சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்தது. ஒட்ட மேய்ந்த தரவையில் நாக்குச் சுற்ற ஒன்றுமில்லை, சத்தம் அடிக்கடி கேட்கும், ஆனால் ஒவ்வொரு வாயிலும் ஒன்றுமில்லை. அதை ஈடுகட்ட மாடு நேரத்தைக் கூட்டும். ஆனாலும் 8 முதல் 10 மணி நேரம் மேய்ந்து, அதற்குச் சற்றுக் குறைய அசைபோட வேண்டிய பிராணிக்கு நேரத்தைக் கூட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டு.

மாட்டின் இயல்பு தெரிந்த எவருக்கும் தெரியும், அது ஊன்றி மேய்கிற வேளை இரண்டு. ஒன்று விடிகிற நேரம், மற்றது பொழுது சாய்கிற நேரம். நாம் என்ன செய்கிறோம்? விடியற்காலை பால் கறக்க வேண்டும் என்று பட்டிக்குள் வைத்திருக்கிறோம். பால் வண்டி போய், கன்றைப் பிரித்து, பட்டியைத் திறக்க வெயில் ஏறிவிடும். நடுப்பகலில் மாடு மருதமர நிழலில் நின்று மூச்சு வாங்கும். பின்னேரம் மேயத் தொடங்குகிறபோது சாய்த்துக்கொண்டு வந்து அடைக்கிறோம். அதற்கு மிகவும் பசிக்கிற இரண்டு வேளையும் கம்பிக்குள்ளே போகின்றன. இரவு முழுக்க தொட்டி காலி.

ஒரு பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஆரு புள்ள ராவுல விடுற? களவெடுத்துப் போடுவானுகள். இல்லாட்டி ஆன வரும்" என்றார். அவர் சொல்வதும் சரி. களவும் யானையும் பயிருக்குள் இறங்கினால் வருகிற வழக்கும் எல்லாம் உண்மை. மாரிப்போகம் விதைத்தால் வட்டைக்குள் மாட்டை வைத்திருக்க முடியாது, மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டு போக வேண்டும். அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இலிருந்து சித்தாண்டியில் தெருவில் இருந்து போராடியதை எல்லோரும் அறிவோம். மேய்ச்சல் தரை சுருங்குவது என்றால் காணி சுருங்குவது மட்டுமில்லை. ஒரு வாயில் வருகிற புல் குறைகிறது, நடக்கிற தூரம் கூடுகிறது, மேய்கிற நேரம் தேய்கிறது. மாட்டின் ஒரு நாளிலிருந்து மூன்று பக்கமும் வெட்டுகிறார்கள்.

இரவில் வெளியே விட முடியாதென்றால் தீனியை உள்ளே கொண்டு வாருங்கள். அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கிற வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்களே, அதைக் கட்டிக் கொண்டு வந்து பட்டிக்குள் ஒரு பரண் அடித்துப் போட்டால் இரவுப் பட்டினி நிற்கும். பால் கறந்ததும் முதல் வேலையாகப் பட்டியைத் திறவுங்கள், தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.

வெக்கையும் தண்ணீரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நார்த் தீனி இரைப்பையில் புளிக்கும்போது சூடு பிறக்கிறது. குளிரில் அது வரம், கச்சானில் சாபம். வெளியே 34 பாகை, உள்ளே அடுப்பு. மாடு தன் சூட்டைக் குறைக்க ஒரு வழி தின்பதைக் குறைப்பது. நாட்டு மாடு நன்றாகத் தாங்கும். பிரீசியன் என்ற குளிர்நாட்டு இனத்தின் இரத்தம் உள்ள மாட்டுக்கு 25, 26 பாகைக்கு மேலேயே இடைஞ்சல் தொடங்கும். பக்கத்து வளவு மாமி மலைநாட்டிலிருந்து ஒரு கலப்பு நாகு வாங்கி வந்தா. நேப்பியர் புல்லில் வளர்ந்தது. இங்கே வந்து வைக்கோலை மோந்து பார்த்துவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மாமி நாவூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டா. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன், ஆறுதல் மாமிக்கும் வேண்டும்தானே. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினோம். தகரக் கூரைக்கு மேலே கிடுகு போட்டோம். பகல் தீனியை நிறுத்திப் பொழுது பட்ட பிறகும் விடியப் புறமும் போட்டோம். தொட்டித் தண்ணீரை நிழலுக்கு மாற்றினோம். எங்கள் செவலைப் பசுவை, வைக்கோலில் ஊறினது, கொண்டு போய்ப் பக்கத்தில் கட்டினோம். செவலை தின்னத் தின்ன நாகு பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு செவலையின் வாயிலிருந்து தொங்கின வைக்கோலை இழுத்தது. சில நாளில் தனக்குப் போட்டதைத் தின்றது.

அந்த நாகு செய்ததற்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கிறது. யூட்டாவில் பிரெட் புரொவென்சா என்பவர் செம்மறிக் குட்டிகளில் பல காலம் பார்த்தார். எதைத் தின்னலாம் என்பதைக் குட்டி தாயோடு சேர்ந்து மேய்ந்து படிக்கிறது. தின்ற பிறகு உடம்புக்கு நல்லது நடந்தால் அந்தச் சுவையைத் தேடும், குமட்டினால் அதைத் தவிர்க்கும். ஆகவே கன்று பால் குடிக்கிற காலத்திலேயே தாய் தின்கிற வைக்கோலும் குழையும் அதன் மூக்குக்கு எட்டட்டும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு ஒரு தரம் கொடுத்துவிட்டால், பிறகு நல்ல புண்ணாக்கு வைத்தாலும் மாடு சந்தேகப்படும். அதற்கு ஞாபகம் உண்டு.

தண்ணீருக்கு வருவோம். ஒரு கிலோ உலர் தீனிக்கு 3 முதல் 5 லீற்றர் தண்ணீர் மாட்டுக்கு வேண்டும், வெக்கையில் இன்னும் கூட. பால் மாட்டுக்கு அதற்கு மேலே. தண்ணீர் குறைந்தால் அடுத்த வேளையே தீனி குறையும். குளம் வற்றின காலத்தில் மாடு ஆற்றோரம் உவர்த் தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். உவர் கூடினால் குடிப்பதும் குறையும், தின்பதும் குறையும். "மாடு தின்னுதில்ல" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "தண்ணி எங்க குடிக்குது மாமா?" என்றுதான். பாதிப் பேருக்கு விடை அங்கேயே வந்துவிடும்.

எலும்பையும் சீலைத் துண்டையும் சப்புகிற மாடு பொசுபரசு தேடுகிறது. அந்தக் குறையும் பசியைக் கெடுக்கும். உப்பும் கனியுப்புக் கலவையும் நக்குகிற கட்டியாகக் கடையில் கிடைக்கிறது, தொங்கவிடுங்கள், அவ்வளவுதான்.

கன்று போடுகிற பசு தனிக் கணக்கு. சினை கடைசி மாதங்களில் கன்று வளர்ந்து இரைப்பையை நெருக்கும், பசு குறைத்துத் தின்னும். கன்று போட்டதும் பால் சட்டென்று ஏறும், நான்கு முதல் எட்டுக் கிழமையில் உச்சத்துக்குப் போகும். தின்னும் அளவு அதைவிட ஆறுதலாகத்தான் ஏறும், உச்சத்துக்கு வர மூன்று மாதம் பிடிக்கும். இடைப்பட்ட நாளில் பசு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. ஈன்ற பசு மெலிந்தால் "நல்லா கறக்குது, அதான்" என்று விடாதீர்கள். அந்த மூன்று மாதத்துக்கு உள்ள குழையில் நல்ல குழையும் புண்ணாக்கில் பெரிய பங்கும் அதற்குத்தான். இல்லாவிட்டால் அடுத்த சினைக்கு வராது. நம்முடைய பக்கத்தில் இரண்டு கன்றுக்கு நடுவே காலம் நீளுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

ஆடு, கோழி பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு நுனியும் கொழுந்தும் பார்த்துத் தெரிந்து தின்கிற பிராணி, நிலத்தில் மிதிபட்டதைத் தொடாது. குழையைக் கட்டித் தொங்கவிடுங்கள், கால் பங்கு மிஞ்சுகிற அளவுக்குக் கூட்டிப் போடுங்கள், மிஞ்சினதை மாட்டுக்குக் கொடுங்கள். கோழி பெரும்பாலும் சக்திக்காகத் தின்னும், சக்தி போதும் என்றதும் நிறுத்தும். குறுணலை மட்டும் வீசினால் சக்தி நிரம்பிவிடும், புரதம் நிரம்பாது, முட்டை நிற்கும். முட்டையிடுகிற கோழி பின்னேரத்தில் சுண்ணாம்புச் சத்தைத் தேடும், சிப்பித் தூளை அப்போது வையுங்கள்.

இதையெல்லாம் ஆவணியில் சொல்லிவிட்டு மாரியை மறக்கக்கூடாது. 2022 மார்கழியில் மழையும் குளிர்காற்றும் அடித்த அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தொற்று நோய் இல்லை, குளிர்தான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். விறைத்துக் கிடந்த மாடுகளைப் பார்த்து அழுத ஆட்களை நான் அறிவேன். குளிரில் மாட்டைக் காக்கிற அடுப்பு அதன் இரைப்பைதான். தரவை தண்ணீருக்குள் போய், மாடு சேற்றில் நின்று, தின்ன ஒன்றுமில்லாமல் போனால் அந்த அடுப்பு அணையும். மேலே கொழுப்பும் இல்லாத, நனைந்த மாடு ஒரு இரவைத் தாங்காது. மாரியில் புல் பச்சையாகக் கிடக்கிறதே என்று நம்பவும் கூடாது. இளம் புல்லில் 100 கிலோவுக்கு 80 கிலோவுக்கு மேல் தண்ணீர். 6 கிலோ உலர் தீனி வேண்டுமென்றால் 30 கிலோவுக்கு மேல் புல் தின்ன வேண்டும், கொட்டுகிற மழையில் மாடு முதுகைக் காட்டி நிற்குமே தவிர மேயாது.

அதனால் எங்கள் சங்கத்தில் இந்த முறை கேட்டிருக்கிறேன், சிறுபோக வெட்டு முடிகிற கையோடு ஒவ்வொரு பட்டிக்காரரும் மேட்டு நிலம் பார்த்து வைக்கோலை அடுக்கி, மேலே பொலித்தீன் கட்டி வைக்க வேண்டும். ஒரு பெரிய மாட்டுக்கு நாளைக்கு 4 கிலோ என்று வைத்து, மழை விடாமல் பிடிக்கிற இரண்டு கிழமைக்கு வேண்டியதையாவது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் தை மாதம் தின்னும். யூரியாக் குழி போட விருப்பமானவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் சொல்லுங்கள், பொலித்தீன் சேர்த்து வாங்கினால் விலை குறையும். குழி வெட்டுகிற அன்று நானும் வருகிறேன்.